கப்பல் அண்ணாச்சியின் செருப்பு

ரங்கூனில் நம்மவர்கள் செய்யாத தொழில் இல்லை. வட்டிக்கடை வைத்தார்கள், மூட்டை தூக்கினார்கள், ரயில் ஓட்டினார்கள். ஆனால் தண்ணீரில் கால் நனையாமல் ஒரு பயணிகள் கப்பலையே நடத்திக் காட்டியவர் கப்பல் அண்ணாச்சி ஒருவர்தான். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவருக்கே சட்டென்று ஞாபகம் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

இருபதுகளில் நான் அங்கே ஓர் அரிசி ஆலை ஆபீஸில் குமாஸ்தா. போட்டாதாங்கில், ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குப் பின்னால், ஒரு மர வீட்டில் அண்ணாச்சி மெஸ் நடத்தினார். சோறும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். மாடியில் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள், கீழே ரயில்வே ஆட்கள், தாழ்வாரத்தில் துறைமுகக் கூலிகள். அண்ணாச்சி திருநெல்வேலிச் சீமைக்காரர். குள்ளமான உருவம், காதில் கடுக்கன், தோளில் எப்போதும் ஈரத்துண்டு. அவர் வைக்கும் புளிக்குழம்புக்காக ஊரில் பார்த்து வைத்த பெண்ணைக்கூட மறந்தவர்கள் உண்டு.

அவருக்கு இருந்த ஒரே வியாதி, கேள்வி கேட்பது. பர்மாக்காரர்கள் ஙாப்பி மீன்விழுதில் அப்படி என்ன ருசி கண்டார்கள்? யானை மரக்கட்டையை அடுக்கும்போது கோணலாக இருந்தால் தானே சரி செய்கிறதே, அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? வெள்ளைக்காரன் வீட்டுக்குள் வந்தால் தொப்பியைக் கழற்றுகிறான், செருப்பை ஏன் கழற்றுவதில்லை? குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்பார். பதில் வரும்வரை கரண்டி அந்தரத்தில் நிற்கும். பசித்தவன் என்ன செய்வான்? வாய்க்கு வந்த பதிலைச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவான்.

வினையை விலை கொடுத்து வாங்கியவன் நான்தான். ஆபீஸில் எங்கள் துரை தூக்கிப் போட்ட ஒரு கப்பல் கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தை, படம் நன்றாக இருக்கிறதே என்று மெஸ்ஸுக்கு எடுத்து வந்தேன். கரீபியன் கடலில் உல்லாசப் பயணம். அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் படித்துச் சொல்ல வேண்டும். ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட் என்று தீவு தீவாகச் சொல்லிக்கொண்டு போனேன். தென்னை மரமும் மணலுமாக இருந்த ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது நம்ம திருச்செந்தூர் மாதிரில்லா இருக்கு! சரி, இந்த ஆளுங்க கடைசியில எந்த ஊர்ல இறங்குவாங்க?"

"எங்கேயும் இறங்கித் தங்க மாட்டாங்க அண்ணாச்சி. நடுவுல ஒவ்வொரு தீவுலயும் இறங்கிச் சுத்திப் பாப்பாங்க. அப்புறம் கிளம்பின இடத்துக்கே வந்துடுவாங்க."

"கிளம்பின இடத்துக்கேவா?"

"ஆமா."

"வேலைக்குப் போகல?"

"இல்லை."

"வியாபாரம்?"

"அதுவும் இல்லை."

"அப்ப எதுக்குவே போறான்?"

எங்கள் மெஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கப்பலில் வந்தவர்கள்தான். எல்லோரும் டெக் டிக்கெட். திறந்த தட்டில் மூட்டையோடு மூட்டையாகக் கிடந்து, வாந்தி எடுத்து, இறங்கியதும் ஆடு மாடு போல வரிசையில் நின்று அம்மை குத்திக்கொண்டு ஊருக்குள் வந்தவர்கள். அந்தக் கப்பலில் சும்மா ஏறி, சும்மா சுற்றி, சும்மா இறங்க ஒரு கூட்டம் இருக்கிறது என்பது எங்களுக்கெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. மற்றவர்கள் சிரித்துவிட்டுக் கை கழுவப் போனார்கள். அண்ணாச்சி மட்டும் புத்தகத்தை மூடவில்லை.

ஒரு மாதத்துக்குள் மெஸ் கப்பலாகிவிட்டது. மூங்கில் தட்டி வைத்து அறைகளைத் தடுத்தார். ஒவ்வொன்றும் கேபின். கதவில் சுண்ணாம்பால் நம்பர். புத்தகத்தில் கேபினுக்கு வட்டமான சன்னல் இருந்ததால் எங்கள் தட்டிகளிலும் வட்டமாக ஓட்டை வெட்டினார். படத்தில் அதன் வழியாக நீலக்கடல் தெரியும். என் ஓட்டை வழியாகப் பக்கத்துக் கேபின்காரர் முகம் சவரம் செய்துகொள்வது தெரியும். சாப்பாட்டுக்கு வெண்கலத் தட்டில் அடித்து மணி ஒலித்தார். மணி ஒலித்த பிறகு வருகிறவனுக்கு ரசம் கிடையாது.

கப்பலில் கேப்டன் பயணிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. உடனே அண்ணாச்சியும், பரிமாறுகிற நேரம் போக, பந்தியின் தலைப்பில் தமக்கு ஓர் இலை போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். ஆனால் இலை காலியாகவே இருக்கும். சாப்பிட மாட்டார். எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"நீங்களும் சாப்பிடுங்களேன் அண்ணாச்சி" என்றேன்.

"கேப்டன் கூட உக்காரணும்னு உம்ம புஸ்தகம் சொல்லுது. வந்தவங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கை நனைக்கக் கூடாதுன்னு எங்க அம்மை சொல்லியிருக்கா. ரெண்டு பேர் சொல்லையும் தட்ட முடியுமாவே?"

ஞாயிற்றுக்கிழமைகளில் கரை உலா. அதாவது, எங்களை வரிசையாகத் தெருவில் இறக்கி ஊர் சுற்றிக் காட்டுவார். ஏரிக்கரைக்குப் போனோம். ரயிலேறி மாவ்பி சந்தைக்குப் போனோம். அதெல்லாம் சரிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டதால் எங்கள் தெருவையே சுற்றிக் காட்டினார். மெஸ் வாசலில் மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா விற்கும் மா கின் என்ற பர்மாக்காரியின் முன்னால் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார். தினமும் காலையில் அவளிடம் மொஹிங்கா வாங்கித் தின்கிறவர்கள் நாங்கள்.

"சும்மா நிக்காதீங்கவே, வேடிக்கை பாருங்க! அதுக்குத்தான கூட்டியாந்திருக்கேன்!"

நாங்கள் வாயைப் பிளந்து மா கின்னைப் பார்த்தோம். அவள் எங்களைப் பார்த்தாள். பிறகு சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஊ கப்பல்! உனக்குப் பைத்தியம், சரி. இந்தப் பிள்ளைகளுக்குமா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியவர்களை அங்கே 'ஊ' போட்டுத்தான் அழைப்பார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாழைத்தண்டை அவள் அத்தனை மெல்லிசாகச் சீவிக் குழம்பில் போடுவதை அன்றைக்குத்தான் நான் முதல் முதலாகக் கவனித்தேன்.

எங்களில் சுந்தரராஜன் என்று ஒரு டைப்பிஸ்ட். எதிலும் குற்றம் கண்டுபிடிப்பான். ஒருநாள் பந்தியில், "எல்லாம் சரி அண்ணாச்சி, நிஜக் கேபினை எப்பவாவது உள்ள போய்ப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டான்.

அண்ணாச்சி கையிலிருந்த கரண்டி நின்றது. அன்று பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

"இல்லைவே. ரங்கூனுக்கு வரும்போது, அது எப்படித்தான் இருக்கும்னு பாக்க மேல்தட்டுல ஏறுனேன். கதவு திறந்திருந்துது. எட்டிப் பாக்கதுக்குள்ள ஒருத்தன் விளக்குமாத்தை எடுத்துட்டு விரட்டுனான். ஓடுன ஓட்டத்துல ஒரு செருப்பு அங்கனயே விழுந்துட்டு. இன்னொண்ணை வச்சு என்ன செய்ய? கடல்ல போட்டேன். வெறுங்காலோடதான் இந்த ஊர்ல இறங்குனேன்." கொஞ்சம் மோர் ஊற்றினார். "ஒரு தடவை உள்ள பாத்துட்டாப் போதும். நான் செய்யது சரியா தப்பான்னு தெரிஞ்சிரும்."

சுந்தரராஜன் அன்றைக்கு மறுசோறு கேட்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் உலகம் சுற்றும் உல்லாசக் கப்பல் ஒன்று ரங்கூனுக்கு வந்தது. வெள்ளை வெளேரென்று நடு ஆற்றில் நங்கூரம் போட்டு நின்றது. பயணிகள் லாஞ்சில் கரைக்கு வந்தார்கள். அண்ணாச்சிக்கு அன்று குழம்பில் உப்பு போட மறந்துவிட்டது. என்னை ஆபீஸுக்கு லீவு போட வைத்து, இங்கிலீஷ் பேசுவதற்காக இழுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தின் பின்னாலேயே போனார்.

கூட்டம் ஷ்வே டகோன் பகோடாவுக்குப் போயிற்று. அங்கே செருப்பும் காலுறையும் கழற்றினால்தான் படியேறலாம். துரைமார்கள் பலர் முகத்தைச் சுளித்துக் கீழேயே நின்றுவிட்டார்கள். வயதான ஓர் அம்மாள் மட்டும் உட்கார்ந்து கழற்றினாள். கழற்றிய பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தாள். அண்ணாச்சி போய் இரண்டு கையையும் நீட்டினார். அவள் திரும்பி வரும்வரை அந்தச் செருப்புகளைத் தம் குடை நிழலில் வைத்துக்கொண்டு, தாம் வெயிலில் நின்றார்.

இறங்கி வந்த அம்மாள் பையைத் திறந்தாள். அண்ணாச்சி தலையை ஆட்டினார்.

"அதெல்லாம் வேண்டாம். அவங்க கேபினை ஒருக்கப் பாக்கணும்னு கேளும்வே."

அறிமுகமில்லாத ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம், 'உங்கள் படுக்கையறையைப் பார்க்க வேண்டும்' என்று எப்படிக் கேட்பது? அடி விழுமா, போலீஸ் வருமா என்று யோசித்தேன். கடைசியில், "இவரும் ஒரு கப்பல் நடத்துகிறார், அம்மா. உங்கள் கப்பலில் கேபின் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்" என்று இங்கிலீஷில் சொல்லிவைத்தேன். எந்தக் கப்பல் என்று கேட்டாள். மெஸ், வட்ட ஓட்டை, வெண்கலத் தட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாள் சிரித்த சிரிப்பில் படிக்கட்டுப் புறாக்கள் பறந்தன. தான் வாங்கிய குடைகளையும் பொம்மைகளையும் எங்கள் கையில் கொடுத்து, சாமான் தூக்கும் சாக்கில் கப்பலுக்கே கூட்டிப்போய்விட்டாள்.

கேபின் வாசல் வந்தது. அண்ணாச்சி சட்டென்று நின்று செருப்பைக் கழற்றினார். என்னை முறைத்தார். நானும் பம்ப் ஷூவைக் கழற்றினேன். இரண்டு ஜோடியையும் வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

ஒன்றையும் தொடவில்லை. படுக்கையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், குழாயில் வெந்நீர் வருவதைப் பார்த்தார். வட்ட சன்னலைப் பார்த்ததும், "நம்மது இதைவிடப் பெரிசுவே" என்று என் காதில் சொன்னார். பிறகு கேட்டார்.

"இதுல எத்தனை பேரு?"

"அவங்க ஒருத்தர்தான்."

"பேச்சுத் துணைக்கு?"

அதையும் நான் மொழிபெயர்த்தேன். அம்மாள் படுக்கை விரிப்பை நீவிவிட்டுக்கொண்டே, யாரும் இல்லை என்றாள். "பாவம்வே" என்றார் அண்ணாச்சி. அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

கும்பிட்டு வெளியே வந்தோம். வாசலில் செருப்பு இல்லை. ஷூவும் இல்லை.

மேலே கடைசி லாஞ்சுக்கு மணி அடித்தார்கள். "அண்ணாச்சி, செருப்பு போனாப் போகுது! லாஞ்சை விட்டா அடுத்துச் சிங்கப்பூர்லதான் நிப்போம். வாங்க, ஓடிடலாம்!"

அண்ணாச்சி அசையவில்லை.

"ஒரு தடவை கப்பல்ல வெறுங்காலோட ஓடியாச்சு. ரெண்டாந்தடவை ஓட மாட்டேன்."

சொல்லிவிட்டு அந்த நீண்ட நடையில் நிதானமாக நடந்து ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு போனார். நான் சகல தெய்வங்களையும் வேண்டிக்கொண்டு பின்னால் போனேன். நடையின் கோடியில் ஒரு சின்ன அறை. அங்கே வெள்ளைக்காரன் ஒருவன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய இடது கைக்குள் அண்ணாச்சியின் செருப்பு. வலது கையில் பிரஷ். சுற்றிலும் ஊர் சுற்றி வந்த பயணிகளின் தூசி படிந்த பூட்ஸுகள், ஒவ்வொன்றின் அடியிலும் சாக்கட்டியால் கேபின் நம்பர். வாசலில் விட்ட காலணியைத் துடைத்து வைப்பது அந்தக் கப்பல் வழக்கமாம். யாருடையது என்று எடுத்தவனும் பார்க்கவில்லை, துடைத்தவனும் பார்க்கவில்லை.

ரங்கூனில், அந்தக் காலத்தில், ஒரு வெள்ளைக்காரன் கையில் நம்மவர் செருப்பு! இப்போது என்ன நடக்குமோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவனோ, கடைசியாக ஒரு தடவை தேய்த்து, இரண்டையும் சேர்த்து, எழுந்து நின்று நீட்டினான். அண்ணாச்சி பகோடாவில் நீட்டியது போலவே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கடைசி லாஞ்ச் எங்களுக்காக நின்றது. அந்த அம்மாள் மேலே நின்று சத்தம் போட்டிருக்கிறாள். கரை வரும்வரை அண்ணாச்சி தம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு செருப்புன்னு அவனுக்குத் தெரியுமாவே?"

"தெரியாது அண்ணாச்சி. வாசல்ல இருந்ததை எடுத்திருக்காங்க."

"அதான். யாருதுன்னு கேக்கல பாத்தீரா?"

மறுநாள் காலையில் எழுந்து கதவைத் திறந்தால் கேபின் வாசல்களில் எல்லாம் செருப்புகள் பளபளக்கின்றன. அடியில் சுண்ணாம்பு நம்பர். குமாஸ்தா செருப்பு, ரயில்வே செருப்பு, தாழ்வாரத்துக் கூலிகளின் வார் அறுந்த செருப்பு எல்லாம் ஒரே மினுமினுப்பு. தேங்காய் எண்ணெயும் அடுப்புக் கரியும் போட்டுத் தேய்த்திருக்கிறார். ஆர்வக்கோளாறில் மா கின்னின் வெல்வெட் செருப்பையும் விடவில்லை. அவள் போட்ட கூச்சல் ஆற்றின் அக்கரைக்குக் கேட்டது.

சுந்தரராஜன்தான் பதறிப்போய் ஓடினான். "என்ன அண்ணாச்சி இது! நீங்க பெரியவங்க. எங்க செருப்பை நீங்க தொடலாமா?"

அண்ணாச்சி கரி படிந்த கையோடு இட்லித்தட்டை இறக்கப் போனவர் திரும்பினார். "யாருதுன்னு நான் பாக்கலவே. போய்க் கையக் கழுவிட்டு வாரும், மணி அடிக்கப் போறேன்."

நான் அந்த மெஸ்ஸில் இருந்தவரை அது ஒருநாளும் தவறியதில்லை. அப்புறம் காலம் எங்களை எங்கெங்கோ தூக்கிப் போட்டுவிட்டது. அண்ணாச்சி என்ன ஆனார் என்று சொல்ல ஆள் இல்லை. அவரை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு இளகிவிடுகிறது. இப்போது சென்னையில் பல குடித்தனங்கள் உள்ள ஒரு ஸ்டோர் வீட்டில் குடியிருக்கிறேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் படுப்பேன். திருட்டுப் போகும் என்று என் மனைவி சத்தம் போடுவாள். காலையில் கதவைத் திறந்ததும் என் கண் முதலில் அங்கேதான் போகும். நேற்றைய தூசி அப்படியே இருக்கும். ஒரு துணியை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்து துடைப்பேன். பக்கத்துப் போர்ஷன்காரர்களின் செருப்பு கிடந்தால் அதையும் சேர்த்துத்தான். யாருடையது என்று பார்ப்பதில்லை.