பெல்ட் போட்டால் அண்ணன் என்ன நினைப்பான்?

அன்பும் மரியாதையும் மிகுந்த அண்ணனுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். நான் மட்டும் வரிக்கு ஒருமுறை எழுந்து பால்கனி வரை போய்விட்டு வந்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

விஷயம் இதுதான். உங்கள் பெரியவன் லைசென்ஸ் வாங்கிய கையோடு போன ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு இங்கே வந்தான். என் மகள் தோழிகள் இரண்டு பேரோடு பின் சீட்டில் ஏறினாள். பெல்ட் போடும்மா என்றேன், காதில் விழாத மாதிரி இருந்தாள், நானே ஜன்னலுக்குள் தலையை விட்டு இழுத்து மாட்டினேன், என் மூக்குக்கண்ணாடி ஒரு தோழியின் மடியில் விழுந்தது, எல்லோரும் சிரித்தார்கள், என் மகள் மட்டும் தலையைத் தூக்கவே இல்லை. மானம் போனால் போகிறது என்று மாடிக்கு வந்து பார்க்கிறேன், கார் தெருமுனை திரும்புவதற்குள் பெல்ட்டைக் கழற்றுகிறாள்! திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி கழட்டினே?"

"போட்டா அண்ணன் ஓட்டுறதுல எனக்கு நம்பிக்கை இல்லன்னு ஆயிடாதாப்பா? வேற யாருமே போடல. நான் மட்டும் போட்டா பயந்தாங்கொள்ளிம்பாங்க."

"இருபத்திரண்டு வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பாக்குறேன். இடுப்புல பெல்ட் கட்டாம ஒரு நாள் கூண்டு மேல ஏறியிருப்பேனா? என்னை யாராவது பயந்தாங்கொள்ளின்னாங்களா?"

"அந்த லிஃப்ட் இருட்டுக்குள்ள உங்களை யாருப்பா பாக்குறாங்க?"

சரி, ஓட்டுகிறவனையே கேட்போம் என்று உங்கள் பெரியவனுக்குப் போன் போட்டால், "நானா போடச் சொன்னா, இவனுக்கு ஓட்டத் தெரியாதுன்னு நினைச்சிருவாங்க சித்தப்பா" என்கிறான். ஆக, இவன் மனசு நோகக்கூடாதுன்னு அதுங்க போடல, அதுங்க என்ன நினைக்குமோன்னு இவன் சொல்லல. இவங்க மரியாதையில இடி விழ! சனிக்கிழமை இதே கூட்டம் மலைப்பாதையில் போகிறதாம். போகாதே என்றால் வீட்டில் குருக்ஷேத்திரம். அண்ணே, எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு. எல்லோரும் பெல்ட் போட்ட பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும் என்று நீங்கள் ஒரு வார்த்தை அவனிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்.

அண்ணியின் முழங்கால் வலி தீரட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
தூக்கம் தொலைத்த தம்பி

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பினால் உங்கள் பெரியவனே காரோடு வாசலில் நிற்கிறான். தபாலாபீஸ் வரை கொண்டு விடுகிறானாம். முன் சீட்டில் என் மகள். பின்னால் ஏறி பெல்ட்டில் கை வைத்தேன். கண்ணாடியில் அவன் என்னைப் பார்த்தான். பாவம், புதுசா ஓட்டுறான், போட்டா என்ன நினைப்பானோன்னு கையை எடுத்துட்டேன். மகள் பார்த்துவிட்டாள். இறங்கி வந்து, குனிந்து, எனக்கு மாட்டிவிட்டாள். பிறகு போய்த் தானும் போட்டுக்கொண்டாள். ஆகவே நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை எல்லோரையும் அவளே போட வைக்கிறாளாம். என்னை மட்டும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்கிறாள். நான் வந்தால் மற்றவர்களும் கெட்டுப்போவார்களாம்.