யாரும் ஓட்டுப் போடாத இரண்டு மேயர்கள்

கோலாலம்பூர் மேயரின் அதிகாரம் எதுவரை போகும் என்று அந்த மேயரைவிட அதிகம் கவலைப்பட்டவர், எனக்குத் தெரிந்து, அதே ஊரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்காரர் ஒருவர்தான். லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். நாங்கள் அவரையே 'மேயர்' என்று அழைத்தோம். அவரும் மறுக்கவில்லை.

"அவர மேலேருந்து நியமிச்சாங்க. என்னைய நீங்க வெச்சீங்க. ரெண்டு பேருக்கும் யாரும் ஓட்டுப் போடல லா. அப்புறம் என்ன வித்தியாசம்?"

சாலையில் மாநகராட்சியின் ஆரஞ்சு நிறத் தடுப்புக் கூம்பு ஒன்று முளைத்தால் போதும், அதைச் சுற்றிச் சுற்றி வருவார். சரோஜா அக்காவின் தோசைக்கடைக்கு நிழல் தரும் மரத்தில் ஒருநாள் சிவப்புப் பெயின்ட் குறி தெரிந்தது. "வெட்டப் போறாங்க" என்று மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்து அழித்துவிட்டார். குறி போட்டது கோயில் கமிட்டி; தேர் போவதற்காக ஒரு கிளையைக் கழிக்க வேண்டியிருந்தது. குறி இல்லாததால் கிளை தப்பியது. திருவிழாவன்று தேர் அதில் மாட்டிக்கொண்டது. கமிட்டித் தலைவர் கத்தினார். நம் மேயர் அசரவில்லை.

"பாத்தீங்களா, சாமிக்கே இந்த மரத்த விட்டுப் போக மனசில்ல!"

பிறகு உண்மையாகவே ஆபத்து வந்தது. அக்காவின் கடை இருக்கும் இடத்தில் கார் நிறுத்தும் கட்டடம் வரப்போவதாக மாநகராட்சி அறிவிப்புப் பலகை நட்டது. ஆட்சேபம் கேட்கும் கூட்டத்துக்கு அவர், அக்கா, நான் மூவரும் போனோம்.

"உங்க கருத்த மேல அனுப்புவோம், அங்கிள்" என்றார் இளம் அதிகாரி.

"மேலன்னா எந்த மாடி?"

"மேயர்கிட்ட. முடிவு அவரோடது."

"நாங்க வேணாம்னு சொல்லி, அவரு வேணும்னு சொன்னா?"

"வேணும்தான்."

"அப்ப எங்கள எதுக்கு வரச் சொன்னீங்க?"

அதிகாரி கோப்பி கொண்டுவரச் சொன்னார். நம்மவர் அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

சில மாதங்களில் திட்டம் கைவிடப்பட்டது. காரணம் சொல்லவில்லை. அக்கா எல்லோருக்கும் கேசரி கொடுத்தார். நம் மேயர் மட்டும் தொடவில்லை.

"காரணம் சொல்லாம போனவங்க, காரணம் சொல்லாமயே திரும்பி வருவாங்க."

போன மாதம் அவருக்குக் கண் அறுவை சிகிச்சை. அக்கா எனக்குப் போன் செய்தார். "தம்பி, கடைக்கு முன்னால என்னமோ தோண்டுறாங்க. அவருகிட்ட சொல்லிறாதீங்க, கண்ணு கட்டோட ஓடி வந்துருவாரு."

நானே போய்ப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய் வேலைதான். இருந்தாலும், மண்ணைப் போட்டு மூடும்வரை அங்கேயே நின்றேன். அவர் நின்றிருப்பார்.