கோவேறு கழுதைத் துளை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. இருந்தால், இன்றிரவு நான் சாப்பிடப்போகும் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும் என் தொண்டையிலேயே நிற்கட்டும்.

பென்சில்வேனியாவில் எங்கள் பள்ளத்தாக்கில் மரியாதையுள்ள மனிதன் என்றால் பழைய ராணுவத் துப்பாக்கி சேர்ப்பான். சேர்க்காதவன் மீன் பிடிப்பான். அவனை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு, எந்தத் துப்பாக்கி என்ன வகை என்று தீர்ப்புச் சொல்ல ஒரு வகை நிர்ணயக் குழு, குழுவுக்கு ஒரு மாண்புமிகு தலைவர். பெயர் டுவைட் யிங்லிங். கழிவறைக் குழாய் விற்று ஓய்வு பெற்றவர். எந்தப் போருக்கும் போனவரல்ல. ஆனால் போய் வந்தவர்கள் அங்கே என்ன நடந்தது என்று அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹார்லன் கெம்ப்புக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. அவனுடைய அப்பா சிசிலியிலிருந்து ஒரு கார்பைன் கொண்டுவந்திருந்தார்; இத்தாலியக் குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கி. வசந்தகாலக் கண்காட்சியில், தீயணைப்பு நிலையக் கூடத்து முன்மேசையில், அப்பா பெயர் எழுதிய அட்டையோடு அது இருக்க வேண்டும். அவ்வளவுதான். அப்பா இரண்டாம் உலகப் போரில் படைக்கு ரொட்டி சுட்டவர். ரொட்டி சுட்டவன் பெயரை எந்த நினைவுக் கல்லிலும் யாரும் பொறிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் தலைவர் யிங்லிங்குக்கு யாரோ வீட்டு வாசலில் போட்ட பழைய சாமான் விற்பனையில் அதே மாதிரி ஒரு கார்பைன் கிடைத்தது. தோளில் முட்டுக்கொடுக்கும் மரப் பின்கட்டையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. துளையைச் சுற்றி வெள்ளையாக ஏதோ காய்ந்து போயிருந்தது. குளிர்காலம் முழுக்கப் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்துவிட்டு, சங்கக் கூட்டத்தில், சோளம் போட்ட கோழி சூப் பரிமாறிக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்றார்.

"பெருமக்களே! இது இதுவரை உலகம் அறியாத ஆல்ப்ஸ் கோவேறு கழுதைப் படை வகை. இந்தத் துளையில் கயிறு கோத்துக் கழுதையின் சேணத்தில் கட்டினார்கள். வெள்ளையாக இருப்பது பனிமலைச் சுண்ணாம்பு. யாரும் துடைக்கக் கூடாது."

சூப் ஊற்றிக்கொண்டிருந்த ஹார்லனின் மனைவி லொரீன் எட்டிப் பார்த்தாள்.

"அட, இது எங்கப்பா பண்ணையில கெடந்ததாச்சே! வாத்துக் கொட்டாய்க் கதவுக்குத் தாழ்ப்பாளா வெச்சிருந்தோம். கயிறு கட்ட நான்தான் ஓட்டை போட்டேன். அந்த வெள்ளை வாத்து எச்சம், யிங்லிங்."

தலைவர் பொறுமையாகச் சிரித்தார். "அம்மணி, நீங்க துளை போட்டதா எந்தப் புத்தகத்துலயாவது வந்திருக்கா?"

"ஓட்டை போட்டதுக்கெல்லாம் எவன் புத்தகம் போடுவான்?"

"பாத்தீங்களா, ஆதாரம் இல்லை."

"நான் நிக்கிறனே, நான் ஆதாரம் இல்லையா? கையெல்லாம் கொப்புளம் வந்துச்சய்யா!"

"கொப்புளம் வெறும் வாய்வார்த்தை. சரி, நீங்களும் போட்டீங்கன்னே வெச்சுக்குவோம். ராணுவம் போட்ட அதே இடத்துலதான போட்டிருக்கீங்க? அப்போ அந்த இடம் எவ்வளவு பொருத்தமான இடம்னு நிரூபணம் ஆகுதா இல்லையா?"

கூட்டம் கைதட்டியது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லொரீன் அடுத்த கிண்ணத்தில் சூப் ஊற்றினாள்.

அந்த வாரமே ஊர்க் கடையில் டிரில் பிட் தீர்ந்துபோனது. பழைய துப்பாக்கிக்கு வார்னிஷ் அடித்து அசலைக் கெடுத்தான் என்பதற்காகச் சொந்தத் தம்பியோடு பேச்சை நிறுத்தியவர்களெல்லாம் கார் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு துளை போட்டார்கள். வாத்து வளர்க்கிறவன் வீட்டு வாசலில் வண்டிகள் வரிசையில் நின்றன. துளையில்லாத கார்பைன் வைத்திருப்பவன் சபையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஹார்லன் தன் அப்பாவுடையதைக் குழுவின் முன் வைத்தான். யிங்லிங் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாகத்துக்குப் பாகம் எண் பொருந்துது. மரத்துல ஒரு கீறல் இல்லை. குழல் கண்ணாடி மாதிரி இருக்கு."

ஹார்லனுக்கு மூச்சு வந்தது.

"அதாம்ப்பா இடிக்குது. துளை எங்க?"

"அப்பா கொண்டுவந்தப்பவே இல்லீங்க, தலைவரே."

"இருந்திருக்கு. அடைச்சிருக்காங்க."

"அடைச்ச தடமே காணோமே?"

"அவ்வளவு நேர்த்தியா அடைச்சிருக்கான்னா எவ்வளவு பெரிய மோசடிக்காரனா இருக்கணும்! உங்கப்பாவை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ரொட்டி சுடறவருக்கு என்ன தெரியும்? பாவம், ஏமாந்துட்டாரு."

வீட்டுக்கு வந்து துப்பாக்கியைச் சமையலறை மேசைமேல் போட்டான் ஹார்லன். "எங்கப்பாவை ஏமாளின்னுட்டான் லொரீன், ஊருக்கு முன்னால."

"உனக்கு உங்கப்பா துப்பாக்கி வேணுமா, அவர் பேர் போட்ட அட்டை வேணுமா?"

ஹார்லன் துப்பாக்கியின் மரத்தை ஒருமுறை தடவினான். "அட்டை," என்றான்.

"அப்போ நல்லா அழுத்திப் புடி."

வாத்துக் கொட்டாய்த் துளையைப் போட்ட அதே கை, அதே டிரில். ஹார்லன் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்திருந்தான். மரத்தூள் மேசையில் ஆறிக்கொண்டிருந்த வெல்லப்பாகுக் கேக்கின்மேல் உதிர்ந்தது. பிறகு லொரீன் ஒரு தேக்கரண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாத்துகளைத் தேடிப் போனாள்.

மறுபடியும் குழு கூடியது. யிங்லிங் துளையைத் தடவினார். வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"ஆல்ப்ஸ்," என்றார். "வடக்குச் சரிவு."

கண்காட்சியில் முன்மேசை. அட்டையைக் குழுவே எழுதியிருந்தது: 'படைவீரர் எல்மர் கெம்ப், பனிமலை உச்சியில் எதிரியின் கோவேறு கழுதையிடமிருந்து கைப்பற்றியது.' காலையில் அதைப் படித்த ஹார்லனுக்கு முகம் சுருங்கியது. மத்தியானம் யாரோ கேட்டபோது, "ஆமா, மலைதான்," என்று முணுமுணுத்தான். சாயங்காலம் பார்த்தால், சிசிலி வெயிலில் வெந்த அப்பாவின் கால்விரல்கள் பனியில் எப்படி விறைத்துப்போயின என்று கூட்டம் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவ்வளவு அனுபவமுள்ளவனைக் குழு விட்டுவைக்குமா? உறுப்பினராக்கிக்கொண்டது. அடுத்த கூட்டத்திலேயே ஒரு விதவை தன் கணவன் கொண்டுவந்த கார்பைனைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். கீறலில்லை, அழுக்கில்லை, வந்தபடியே இருந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் முழுசாக மிஞ்சியிருந்த ஒன்றிரண்டில் அது ஒன்று. ஹார்லன் பூதக்கண்ணாடியை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். சூப் அண்டாவுக்குப் பின்னாலிருந்து லொரீன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரிதான், அம்மணி," என்றான் ஹார்லன். "துளை எங்க?"

லொரீன் கரண்டியை அண்டாவுக்குள் போட்டாள். அந்த விதவையிடம் மெதுவாகச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை எடுத்துக்கிட்டு வா. சனிக்கிழமை வேற ஒரு ஆளுக்கு ஒத்துக்கிட்டேன்."

இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். கண்காட்சியில் எனக்கும் ஒரு மேசை வேண்டும். சனிக்கிழமை லொரீன் டிரிலோடு என் வீட்டுக்கு வருகிறாள். இரண்டு நாளாக வாத்துகளுக்கு வயிறு முட்டத் தீனி போட்டுவருகிறேன்.