கோட்டு போட்ட காவடி

எங்கள் வம்சத்தில் முதல் எம்.ஏ. நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது, கேட்காதவர்களிடமும் சொல்வேன். ஆனால் எங்கள் வீட்டில் மட்டும் இந்த வாக்கியத்தை ஒரு தடவைகூட என்னால் முழுதாகச் சொல்ல முடிந்ததில்லை. 'எங்கள் வம்சத்தில்' என்று ஆரம்பித்ததுமே கூடத்திலிருந்தோ சமையலறையிலிருந்தோ யாராவது 'அரோகரா' என்று குரல் கொடுப்பார்கள். உடனே எல்லோரும் சிரிப்பார்கள். அவர்கள் சொல்லி நீங்கள் இந்தக் கதையைக் கேட்டால் என்னைக் கோமாளி என்றே நினைப்பீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். (நான் சொன்னாலும் கோமாளிதான். ஆனால் படித்த கோமாளி.)

யுத்தம் முடிந்த சமயம். பட்டணத்தில் கணக்குப் பாடத்தில் பி.ஏ. தேறி, திருத்தணிக்குத் திரும்பியிருந்தேன். நைனா கடைத்தெருவில் வெல்ல மண்டி வைத்திருந்தார். வெல்லம் வாங்க வந்தவர்களுக்கு விலையைச் சொல்வதற்கு முன்னால் என் மார்க்கைச் சொன்னார். எனக்கு அவரைவிடத் தலைக்கனம். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நடு மத்தியானத்தில் கடைத்தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காரணமில்லாமல் நடப்பேன். வியர்வை முதுகில் ஆறாக ஓடும். கோட்டை மட்டும் கழற்ற மாட்டேன்.

அடுத்தது எம்.ஏ. பல்கலைக்கழகத்திலிருந்து மனுத்தாள் தபாலில் வந்தது. முதல் பக்கத்தில் என் பெயரை எழுதி, பக்கத்தில் பி.ஏ. என்று போட்டேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அப்படிக் காட்டிக் காட்டியே மாதம் ஓடிவிட்டது.

இதற்கிடையில் அம்மா ஒரு காரியம் செய்துவைத்திருந்தாள்.

"சீட்டு கெடச்சா எம் புள்ள காவடி எடுப்பான்னு முருகங்கிட்ட வேண்டிகினுகீறேன்" என்றாள்.

"யாரைக் கேட்டு வேண்டிகினே? நான் பி.ஏ. நானாவது காவடி எடுக்கறதாவது" என்றேன். அதோடு விடாமல், கடவுள் பக்தியையும் கணித சாஸ்திரத்தையும் ஒப்பிட்டு ஒரு பிரசங்கம் வேறு செய்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாப்புட வா" என்றாள்.

நைனா பிரசங்கம் கேட்கிற ரகம் இல்லை. "இந்த வருஷம் சீட்டு கெடச்சா போ. கெடைக்கலன்னா மண்டியில வந்து குந்து. அடுத்த வருஷம் பாக்கலாம்ங்கற பேச்செல்லாம் எங்கிட்ட வேணாம்" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

மனு பல்கலைக்கழகத்தில் சேர வேண்டிய கடைசி நாளுக்கு முந்தின நாள். அன்றைக்கு ஆடிக் கிருத்திகை. சாயந்திர ரயிலில் போய் மறுநாள் காலையில் நேரிலேயே கொடுப்பதாகத் திட்டம். கோட்டு போட்டு, தலை வாரித் தயாராக நின்றேன். அக்கா புருஷன் பாவா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. காகிதம் என்று எதைக் கண்டாலும் கடைசிப் பக்கம்வரை படிக்காமல் விடமாட்டார். மனுவை வாங்கிப் புரட்டியவர் முகம் மாறியது.

"மாப்பிள, பின்னாடி பாத்தியா?"

நான் பின்னாடி பார்க்கவில்லை. என் பெயர் முன்னாடி அல்லவா இருந்தது.

கடைசிப் பக்கத்தில், மனுதாரரின் நன்னடத்தைக்கு அவருடைய ஜில்லாவில் உத்தியோகம் பார்க்கும் கெஜட்டெட் அதிகாரி ஒருவர் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று அச்சடித்திருந்தது. ஆபீஸ்களுக்கெல்லாம் விடுமுறை. வெல்ல மண்டியும் அதில் மொய்க்கிற ஈக்களும் கண்முன் வந்தன.

"டெபுடி கலெக்டர் வந்துகீறாரு. புஷ்பக் காவடி எடுக்கறாரு. இப்போ படி ஏறிகினு இருப்பாரு" என்றார் பாவா.

"அவரா? அவரைப் பாத்தா நீங்களே மேசைக்கடியில பூந்துக்குவீங்களே."

"ஆங், அது ஆபீஸ்ல. இன்னிக்கி வாயைத் துணியால கட்டிகினு மௌனமா போறாரு. நெனச்சாலும் திட்ட முடியாது. இத்த விட்டா அவர்கிட்ட கையெழுத்து கேக்க நல்ல நேரம் கெடைக்காது."

இந்த யோசனையில் ஒரு குறையும் அப்போது எனக்குத் தெரியவில்லை.

அடிவாரத்தில் செருப்பைப் பாவாவிடம் கொடுத்துவிட்டுப் படியேறினேன். ஊரே மஞ்சள் துணியில் ஏறிக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் கறுப்புக் கோட்டு. பாதி மலையில் அவரைக் கண்டுபிடித்தேன். பருத்த உடம்பு, குளத்தில் முழுகி எழுந்த ஈர வேட்டி, வாயில் மஞ்சள் துணி, தோளில் பூவால் மூடிய பெரிய காவடி. கூட வந்த டவாலிச் சேவகர் கூட்டத்தில் எங்கேயோ தொலைந்துபோயிருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்று, மனப்பாடம் செய்துவந்த இங்கிலீஷை ஒப்பித்து, மனுவையும் பேனாவையும் நீட்டினேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்வையாலேயே மூன்று பேரை வேலைநீக்கம் செய்யக்கூடியவர். ஆனாலும் சந்நிதிக்குப் போகிற வழியில் ஒருத்தன் வந்து கேட்கிறானே என்று நினைத்தாரோ என்னவோ, கை நீட்டினார். ஒரு கையால் எழுத முடியாது. காவடியைக் கீழே வைக்கவும் கூடாது. எடுத்த காவடி சந்நிதியில்தான் இறங்க வேண்டும். அவர் என் தோளைக் காட்டினார். ஒரு நிமிஷம்தானே என்று நானும் தோளைக் கொடுத்தேன்.

அந்த நிமிஷம் பார்த்துக் கீழேயிருந்து பம்பை மேளத்தோடு ஒரு பெரிய கூட்டம் 'அரோகரா' என்று முட்டிக்கொண்டு வந்தது. என் கால் தரையில் பாவவில்லை. பத்துப் படி மேலே போன பிறகுதான், டெபுடி கலெக்டர் காவடி என் தோளில் இருக்கிறது, என் எதிர்காலம் அவர் கையில் இருக்கிறது என்பது புரிந்தது. திரும்பிப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. பின்னாலிருந்து யாரோ என் கோட்டு வாலைப் பலமாகப் பிடித்திருந்தார்கள்.

அவரேதான். கூப்பிட வாய் இல்லை. காவடியை விட்டால் வேண்டுதல் போய்விடும். எட்டியது என் கோட்டு ஒன்றுதான். ஜில்லாவையே நடுங்கவைத்த மனிதர், என் கோட்டு வாலைப் பிடித்துக்கொண்டு, என் மனுவை இடுப்பு ஈர வேட்டியில் செருகிக்கொண்டு, எனக்குப் பின்னால் ஏறி வந்தார்.

கோட்டு போட்ட காவடியை அந்த மலை அதற்கு முன் பார்த்ததில்லை. ஜனங்கள் வழி விட்டார்கள். சிலர் என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஓர் அம்மாள் வழியை மறித்துக் கைகூப்பினாள்.

"சாமி, எம் பொண்ணுக்கு எப்ப கண்ணாலம் ஆவும்? நீதான் சொல்லணும் சாமி."

"அம்மா, நான் சாமி இல்லீங்க. நான் பி.ஏ., மேத்தமாடிக்ஸ்."

அவள் பக்கத்திலிருந்தவளிடம், "இன்னாவோ பாஷையில சொல்லுது பாரு. பெரிய சாமி" என்றாள். வழியை விடவில்லை. பின்னால் கோட்டு இழுபட்டது. மேலே மேளம். "தை மாசம் ஆவும்" என்று சொல்லித் தப்பித்தேன். (ஆகிவிட்டது. அடுத்த வருஷம் வெற்றிலை பாக்கோடு மண்டிக்கே வந்து, கோட்டுச் சாமி எங்கே என்று நைனாவைக் கேட்டிருக்கிறாள்.)

வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது என்று சொல்லத்தான் ஆசை. உண்மை என்னவென்றால், கடைசிச் சில படிகளில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தோள் எரிந்தது, கண்ணில் வியர்வை. ஆனாலும் இதைக் கீழே வைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன் என்று ஒரு வீம்பு வந்தது. பரீட்சையில் கஷ்டமான கணக்கு பிடிபடும்போது வருமே, அதே வீம்பு.

கிருத்திகைக்காகக் காலையிலேயே மலையேறியிருந்த அம்மா சந்நிதி வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது.

"சீட்டு கெடைக்கறதுக்கு முன்னாடியே எடுத்துகினு வந்துட்டியேடா" என்றாள்.

என் பிரசங்கத்தை அவள் நினைவூட்டவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

காவடியை இறக்கினார்கள். டெபுடி கலெக்டர் கும்பிட்டு முடித்து, வாய்த்துணியை அவிழ்த்து, தீர்த்தம் குடித்தார். அவருடைய இன்னொரு கையில் என் கோட்டின் ஒரு பாதி வால் இருந்தது. அதை என்னிடம் கொடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து மனுவை எடுத்தார். மை கரைந்து, என் பெயரும் பி.ஏ.யும் ஊதாக் குளமாகியிருந்தன.

"உன்னை எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள்" என்றார்.

"மூணு வருஷம்னு போடலாமுங்க சார். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"சந்நிதியில் நின்றுகொண்டு பொய் எழுதச் சொல்கிறாயா?"

மண்டி ஈக்கள் மறுபடி கண்ணுக்குத் தெரிந்தன. அவர் தூணில் தாளை வைத்து இங்கிலீஷில் நிதானமாக எழுதினார். தமிழில் சொன்னால் இதுதான்: 'இவரை எனக்குச் சுமார் ஒரு மணி நேரமாகத் தெரியும். அந்த ஒரு மணி நேரமும் இவர் என் காவடியைத் தம் தோளில், வழியில் எங்கும் கீழே வைக்காமல், கோட்டு அணிந்தபடியே மலையுச்சிக்குச் சுமந்து வந்தார். இவரைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை.'

கீழே இறங்கினால், நைனா மண்டியைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவருகிறார். யாரோ போய், உன் பிள்ளைக்குச் சாமி வந்து கோட்டோடு மலையேறுகிறான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னாடா, பாஸான பரீட்சையை எதுனா திருப்பி எடுத்துகினாங்களா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். பாவா விஷயத்தைச் சொன்னதும் சான்றிதழைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். பிறகு திறந்து கிடந்த மண்டியையும் மறந்து என்னை ரயிலடிவரை கொண்டுவந்து விட்டார்.

பல்கலைக்கழகத்தில் மனு வாங்கிய குமாஸ்தா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இது தபால்ல வந்துதா, தண்ணியில வந்துதா?" என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டார். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேராசிரியர்கள். நடுவிலிருந்தவர் கடைசிப் பக்கத்தை உரக்கப் படித்தார். மற்ற இருவரும் என் கோட்டைப் பார்த்தார்கள். அக்கா தைத்துக் கொடுத்திருந்த வால் கோணலாகத் தொங்கியது.

"காவடி என்ன எடை இருக்கும்?" என்று கேட்டார் நடுவிலிருந்தவர்.

"சுமக்கும்போது தெரியல சார். இறக்கி வச்சப்புறம்தான் தெரிஞ்சுது."

"எம்.ஏ. கணக்கும் அப்படித்தான். வந்து சேர்" என்றார்.

பட்டத்தைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினேன். அதை யாரும் பார்த்ததில்லை. நைனா கடைசிவரை மண்டிச் சுவரில் மாட்டிவைத்திருந்தது அந்தக் கோட்டைத்தான். அக்கா தைத்த வாலை வேண்டுமென்றே பிரித்துவிட்டிருந்தார். வெல்லம் வாங்க வந்தவர்களிடம், "டெபுடி கலெக்டரு புடிச்சுகினு வந்த கோட்டுங்க இது" என்று சொல்லிவிட்டுத்தான் விலைக்கு வருவார்.

போன மாதம் என் மகளுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து மேல்படிப்பு மனுத்தாள் வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த மனுவையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார்கள். அவளும் முதலில் அதைத்தான் திருப்பினாள். நான் பெருமை பொறுக்காமல், "எங்கள் வம்சத்தில் பெண்களில் முதல்..." என்று ஆரம்பித்தேன்.

"இரு நைனா. இதுலயும் கெஜட்டெட் ஆபீசர் கையெழுத்து கேக்கறாங்க" என்றாள் அவள். "கோட்டை எடுத்துகினு வரட்டா?"