மாமா சொன்ன எண்ணும் பகடை காட்டிய எண்ணும்

மில்வாக்கி,
20 பிப்ரவரி 2005, ஞாயிறு

அன்பும் மரியாதையும் மிகுந்த டெல்மர் மாமாவுக்கு,

மருமகள் மாரென் வணக்கம் கூறி எழுதுவது. இங்கே நான் நலம். ஏரிக்காற்றில் நடந்து வந்ததில் காது இரண்டும் இன்னும் என்னுடையவையாகத் திரும்பவில்லை, அவ்வளவுதான். அங்கே உங்கள் முழங்கால், லோர்னா அத்தையின் இருமல், நாயின் வயிறு ஆகிய மூன்றும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதக் காரணம், பதினேழு நாட்களாக நான் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் அத்தைதான் எடுத்து, "மாமா வாசல்ல பனி அள்ளிக்கிட்டிருக்கார்மா" என்கிறார். உங்கள் ஊர் ஷெபாய்கனில் ஒரு வாரமாகப் பனி விழவில்லை என்று வானிலைச் செய்தி சொல்கிறது. பழைய பனியை ஓரத்திலிருந்து எடுத்து மறுபடி நடுவில் போட்டு அள்ளுகிறீர்கள் போலும்.

ஆகவே இந்தக் கடிதம். இரண்டு காரியம்: ஒன்று மன்னிப்பு, மற்றொன்று கையெழுத்து. 1979-ல் நீங்கள் எழுதிய 'சாம்பல்கோட்டை' என்ற பகடை ஆட்டத்தின் விதிநூலைக் கையடக்கக் கருவியில் ஆடும் போர் விளையாட்டாக மாற்ற எங்கள் கம்பெனி ஒப்புக்கொண்டு பதினான்கு மாதம் ஆகிறது. நூலாசிரியரின் ஒப்புதல் படிவம் வருகிற 28-ம் தேதி திங்கட்கிழமைக்குள் வெளியீட்டாளர் கைக்குப் போகாவிட்டால் விளையாட்டு கைவிடப்படும். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர் வேறு வேலை தேடவேண்டும். மற்ற பத்துப் பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். ஏனென்றால் அந்தப் புத்தகத்தை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, "எங்க மாமா எழுதினது, கையெழுத்துக்கெல்லாம் ஒரு பிரச்சினையும் வராது" என்று சொன்னவள் நான்தான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். முந்நூற்று நாற்பது பக்கத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றமாட்டோம் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்துத்தான் தொடங்கினோம். நிரல் எழுதும் காவ் சியோங்கை உங்களுக்குத் தெரியும்; ஆளில்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பவன். அவன் முதல் பக்கத்திலிருந்து வரிவரியாக எழுதிக்கொண்டு போனான், முதல் கதவு வந்தது. உங்கள் விதிப்படி ஒரு கதவைத் திறக்க ஒன்பது முறை பகடை உருட்டவேண்டும்: காது கொடுத்துக் கேட்க ஒன்று, கீலில் துரு உண்டா என்று ஒன்று, மரம் ஈரத்தில் உப்பியிருக்கிறதா என்று ஒன்று, இப்படியே. உங்கள் வீட்டுக் கீழறையில் பாலாடைக்கட்டிப் பொரியலைக் கொறித்துக்கொண்டு ஊர்க்கதை பேசும்போது ஒன்பது உருட்டல் போனதே தெரியாது. கருவியில் ஒன்பது முறை பொத்தானை அமுக்கவேண்டும், ஒன்பதாவதில் கதவுநிலை பெயர்ந்து தலையில் விழும். சோதனைக்கு இருநூறு வீரர்களை அனுப்பினோம், நூற்று நாற்பத்துமூன்று பேர் கதவிலேயே செத்தார்கள். மிச்சம் பேர் உள்ளே போனால் உங்கள் சுமை விதி. கவசம், கயிறு, விளக்கு, மூன்று நாள் ரொட்டி எல்லாம் சேர்ந்து வீரன் ஒரு முறைக்கு ஒரு கட்டம்தான் நகர்வான். நீங்கள் நீதிமான், குறளிப் பூதங்களுக்கும் அதே சுமையை வைத்திருக்கிறீர்கள். ஆறு கட்டம் தள்ளி நிற்கும் இரண்டு எதிரிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடப்பதைப் பின்னால் நின்று பார்த்த எங்கள் முதலாளி ப்ராஷ், "இது சண்டையா, சவ ஊர்வலமா?" என்று கேட்டுவிட்டுக் காப்பி எடுக்கப் போனார். திரும்பி வந்தபோதும் அவர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

கதவை ஒரே உருட்டலாகக் குறைத்தோம், நீங்கள் நான்கு பக்கத்துக்கு மறுப்பு எழுதிவிட்டுச் சம்மதித்தீர்கள். சுமையைக் குறைத்தோம், இரண்டு பக்கம். ஆனால் சாவைக் குறைக்க முடியவில்லை மாமா. குறளியைப் பார்த்த மாத்திரத்தில் எல்லோரும் செத்தார்கள். நிரலில்தான் பிழை என்று காவ் ஆறு வாரம் தேடினான். கடைசியில் நிஜமான இருபது முகப் பகடையை எடுத்து மேஜையில் ஆயிரம் தடவை உருட்டி நோட்டில் கோடு போட்டான். ப்ராஷ் என்னைத் தனியே அழைத்து, "அந்தப் பையன் வீட்ல எல்லாம் சரியா இருக்கா?" என்று விசாரித்தார். ஆயிரம் தடவைக்குப் பிறகும் கணக்கு சரியாகவே இருந்தது. பிழையே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜனவரியில் நீங்களே வந்தீர்கள். கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து, கருவியைக் கண்ணாடிக்கு மேலும் கீழுமாகப் பார்த்து, உங்கள் நண்பர் கோபெக்கி இத்தனை வருடமாக உங்கள் மேஜையில் ஆடிவரும் வனதேவ இளவரசனைத் தேர்ந்தெடுத்தீர்கள். மூன்றாவது முறையில் இளவரசன் காலி.

"இவன் எப்படிச் சாவான்? இருபத்தாறு வருஷமா சாகாதவன் இவன்!"

"விதிப்படிதான் சார்," என்றான் காவ். "பக்கம் நூத்திப் பன்னெண்டு. குறளி பதினொண்ணோ அதுக்கு மேலயோ போட்டா அடி விழும்."

"என் புத்தகத்தை எனக்கே படிச்சுக் காட்டாத தம்பி. குறளி அத்தனை தடவை பதினொண்ணு போடாது."

"பாதித் தடவை போடும் சார்."

"உன் மெஷின்ல போடும். என் மேஜையில போடாது."

"உங்க மேஜையில என்ன பகடை சார்?"

"எல்லாரும் வாங்குற பகடைதான். ஆனா நேர்மையா உருட்டணும். அதுதான் உங்களுக்கெல்லாம் வரமாட்டேங்குது."

அந்த நேர்மையான உருட்டலைக் கண்ணால் பார்த்துக் குறிப்பெடுக்கத்தான் இந்த மாதம் மூன்றாம் தேதி வியாழக்கிழமை ஆட்டத்துக்கு வந்தேன். வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. நீங்கள் வழக்கம்போல நடுவராக, உங்கள் பகடை மற்றவர் கண்ணில் படாதபடி அட்டைத் தடுப்பை நிறுத்தி அதன் பின்னால் உட்கார்ந்திருந்தீர்கள். எதிரே பாதிரியார் ஆமுண்ட்சன், கோபெக்கி, பால்பண்ணைச் சகோதரர்கள் இருவர். பக்கத்து வீட்டுக்காரர் கார் பனியில் புதைந்து அவர் மணியடித்திருக்காவிட்டால் எதுவுமே நடந்திருக்காது. "அஞ்சே நிமிஷம். நீ வந்து இங்க உட்காரு. சும்மா ரெண்டு குறளிதான், சமாளிச்சுக்க" என்று சொல்லி மேலே போனீர்கள். காரைத் தள்ள இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

நான் பகடையை உருட்டினேன். பதினேழு. "பதினேழு, அடி விழுந்தது" என்றேன். பாதிரியார் கொஞ்சம் சிரித்தார். அடுத்தது பத்தொன்பது. "மறுபடியுமா?" என்றார் கோபெக்கி. அதற்கப்புறம் பதினான்கு, பன்னிரண்டு, இன்னொரு பதினேழு. நான் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன். முதலில் விழுந்தது பாதிரியார் ஆடும் 'மெல்லடி' என்ற திருடன். அதிபர் கார்ட்டர் காலத்திலிருந்து உயிரோடிருந்தவன். பிறகு இளவரசன். பிறகு சகோதரர்களின் ஆட்கள் இருவரும் ஒரே முறையில். ஆள் செத்தால் அவன் விவரம் எழுதிய தாளைக் குப்புறக் கவிழ்த்து வைப்பது அங்கே வழக்கமாமே, எனக்கு அன்றுதான் தெரியும். இருபத்தாறு வருடத்தில் யாருக்கும் அதற்குச் சந்தர்ப்பம் வரவில்லை. நான்கு தாளும் கவிழ்ந்து கிடந்தன. 

கடைசியில் பாதிரியார் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா மாரென், அந்த அட்டைக்குப் பின்னாடி நீ பகடையைப் பார்த்தா நம்பர் சொல்ற?" என்றார்.

"ஆமா. வேற எதைப் பார்த்துச் சொல்றது?"

கோபெக்கி தலையில் கை வைத்துக்கொண்டார். "அடிப்பாவி! எங்க மூஞ்சியைப் பார்த்துல்ல சொல்லணும்!"

"அப்ப மாமா இத்தனை வருஷமா..."

"அதெல்லாம் எங்களுக்கு முதல் வருஷமே தெரியும்," என்றார் பாதிரியார். "எங்களுக்குத் தெரியும்கிறது டெல்மருக்குத் தெரியாது. நீ வாயைத் திறக்கக்கூடாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். இந்த வரியோடு அதை மீறிவிட்டேன், கடவுள் பாதிரியாரிடமே கேட்டுக்கொள்ளட்டும். நீங்கள் தொப்பியில் பனியோடு இறங்கி வந்தீர்கள், தாள்களைப் பார்த்தீர்கள், "என்ன சொன்ன?" என்று கேட்டீர்கள். "பகடை என்ன காட்டிச்சோ அதைத்தான்" என்றேன். நீங்கள் அட்டையை மடித்துப் பெட்டியில் வைத்து, "இன்னிக்கு இவ்வளவுதான்" என்றபோது மணி ஏழரைகூட ஆகவில்லை. என்னிடம் கடைசியாக நேரடியாகப் பேசியது அதுதான்.

மறுநாள் நான் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்தேன். மாமா எப்போது மாற்றிச் சொல்வார், எப்போது உள்ளபடி சொல்வார் என்று தெரிந்தால் அதையே விதியாக்கிவிடலாமே என்ற ஆசை. கோபெக்கி சொன்னார்: "என் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடந்த மூணு மாசமும் ஒரு குறளி என்னைத் தொட்டதில்லை. ஆனா நான் புதுக் கார் வாங்கிப் பீத்திக்கிட்டேன் பாரு, அந்த வாரம் ஒரு எலி கடிச்சு உயிர் போய் உயிர் வந்துச்சு." இதைக் காவிடம் சொன்னேன். அவன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "சரி. பெண்டாட்டி ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு கருவிக்கு எப்படித் தெரியும்?" என்றான். தெரியாது என்றேன். "பீத்திக்கிட்டா?" அதுவும் தெரியாது. அரை நாள் யோசித்துவிட்டு, அடுத்தடுத்து இரண்டு அடி வாங்கியவனுக்கு மூன்றாவது அடி தவறட்டும், சாகக் கிடப்பவனைக் குறளி பார்த்தும் பாராமல் போகட்டும் என்று ரகசியமாக எழுதிவைத்தான். சிவப்பு விளக்கில் நிற்கும் பையன் மாமா, எழுதிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தான். முன்பு நேர்மையான பகடையோடு ஆடிய சோதனையாளர் ஒன்பது பேரும் "பகடை ஏமாற்றுகிறது" என்று எழுதிக் கொடுத்தவர்கள். இப்போது அதே ஒன்பது பேரும் "இப்போதுதான் பகடை ஒழுங்காக விழுகிறது" என்று எழுதியிருக்கிறார்கள். ப்ராஷ் அதைச் சுவரில் ஒட்டிவைத்துத் தினமும் படித்துச் சிரிக்கிறார்.

அதோடு முடிந்ததா என்றால், வக்கீல் வந்தார். ஒப்பந்தத்தில் 'அச்சிட்ட விதிகளின்படியே' என்றிருக்கிறதாம். அச்சில் இல்லாத கருணைக்கு நூலாசிரியர் எழுத்தில் பொறுப்பேற்கவேண்டுமாம். அப்படித்தான் படிவத்தில் ஏழாவது வரி முளைத்தது: 'பகடை காட்டும் எண்ணை நடுவர் மாற்றிச் சொல்வது என் வழக்கமே என உறுதி கூறுகிறேன்.' அதைத் தட்டச்சு செய்தவள் நான். பௌலிங் போட்டியில் கால் கோட்டைத் தொட்டுவிட்டது என்று, யாருமே பார்க்காதபோதும், வாங்கிய கோப்பையைத் திருப்பிக் கொடுத்த மனிதருக்கு, முப்பது வருடமாகத் தேவாலய வாசலில் நின்று எல்லோரையும் கை குலுக்கி உட்கார வைப்பவருக்கு, இப்படி ஒரு வரியை அனுப்பியிருக்கிறேனே என்று தபால்பெட்டிக்குள் உறை விழுந்த சத்தம் கேட்டபோதுதான் உறைத்தது.

மாமா, நான் அதிகம் பேசுகிறவள் இல்லை, உங்களுக்குத் தெரியும். ஆனால் உண்மை, பொய் பற்றி நான் படித்த புத்தகங்கள் ஒரு அலமாரி இருக்கும், அவற்றில் எதிலும் உங்கள் அட்டைக்குப் பின்னால் நடந்தது பற்றி ஒரு வார்த்தை இல்லை. முந்நூற்று நாற்பது பக்கம் எழுதினீர்கள். ஆட்டத்தை நடத்தியது நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. நான்கு பேர் இருபத்தாறு வருடமாக வியாழன்தோறும் பனியிலும் வந்தது குறளியை அடிக்கவா? அதை நான் குற்றமாக நினைக்கவில்லை. அவர்களும் நினைக்கவில்லை. ஏழாவது வரியை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒருமுறை தாண்டிக் கீழே கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அன்று நான் படித்த எண்களுக்காக மன்னியுங்கள். அவை சரியான எண்கள்தான், மன்னிப்பு கேட்பது அதற்காகத்தான்.

லோர்னா அத்தைக்கு என் அன்பு, நாய்க்கு ஒரு செல்லத் தட்டு. எல்லாம் வல்லவர் உங்கள் முழங்காலுக்கும் என் வேலைக்கும் ஒருசேரத் துணையிருக்கட்டும்.

பணிவுள்ள மருமகள்,
மாரென்

பி.கு. (செவ்வாய்): நேற்று அரசு விடுமுறை, தபால் கிடையாது, அதனால் இந்தக் கடிதம் இன்னும் என் பையிலேயே இருக்கும்போது உங்கள் தடித்த உறை வந்து சேர்ந்தது. கையெழுத்துக்கு நன்றி, ஆயிரம் நன்றி. ஏழாவது வரியை அளவுகோல் வைத்து அடித்து, 'நான் ஒருநாளும் பகடையை மாற்றிச் சொன்னதில்லை' என்று ஓரத்தில் எழுதியிருப்பதையும், '1979 அச்சில் தவறுதலாக விடுபட்டது' என்று கூடவே வைத்திருக்கும் பக்கம் 112-அ-வையும் எல்லோரும் படித்தோம். 'நடுவர் பகடையை உருட்டியபின், ஆடுபவரின் முகத்தைப் பார்த்து, வந்திருக்கவேண்டிய எண்ணைப் படிப்பார். இது மாற்றிச் சொல்வது ஆகாது.' வக்கீலுக்குப் பூரண திருப்தி. 1979-ல் தட்டச்சான தாளின் பின்பக்கத்தில் போன மாதத் தேவாலய அப்பக் காலையுணவு அறிவிப்பு இருப்பதை அவர் திருப்பிப் பார்க்கவில்லை; நாங்களும் திருப்பவில்லை. காவ் அதன் நகலில் கொஞ்சம் காப்பியைக் கொட்டி எங்கள் புத்தகத்தில் ஒட்டிவிட்டான். அந்தப் பக்கம் எப்போதும் அங்கேதான் இருந்தது என்று ப்ராஷ் வெளியீட்டாளரிடம் தொலைபேசியில் அடித்துச் சொன்னார். ஆகவே மேலே உள்ள ஏழு பக்கங்களையும் அச்சுப்பிழையாகக் கருதவும். பாதிரியாருக்கும் கோபெக்கிக்கும் எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள எதுவும் இல்லாததால். ஒரே ஒரு சந்தேகம். 112-அ-வின் நான்காவது உட்பிரிவில், 'நடுவர் மாடிக்குப் போயிருக்கும்போது நேர்ந்த மரணங்கள் செல்லாது' என்றிருக்கிறது. கையடக்கக் கருவியில் மாடி எங்கே என்று காவ் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். திங்கட்கிழமைக்குள் பதில் எழுதவும்.