மூலையை விடாத மாப்பிள்ளை

பெண்ணும் அவள் அப்பாவும் வாசலுக்கு வந்துவிட்டதாகச் செய்தி வந்தபோது, கண்ணாடிக்கடைக்காரர் ஏற்கெனவே மூலையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றார்.

அது மாயத்தோற்றக் கண்காட்சியின் கோணல் அறை. சுவர், தரை, கூரை எல்லாமே சாய்த்துக் கட்டியவை. வெளியே நின்று சுவரிலுள்ள துவாரம் வழியாகப் பார்த்தால், உள்ளே ஒரு மூலையில் நிற்பவர் ராட்சதராகவும் மறு மூலையில் நிற்பவர் பொடியராகவும் தெரிவார்கள்.

எல்லாம் அவருடைய அக்கா செய்த வேலை. தம்பியின் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். அதைப் பெண் வீட்டாரிடம் போனில் ஐந்தடி ஒன்பது என்று வாய் கூசாமல் அளந்துவிட்டாள்.

"கல்யாணத்துக்கு வந்து எவன்டா அளக்கப் போறான்?" என்று வேறு கேட்டாள்.

அளக்க ஒருவர் இருந்தார். பெண்ணின் அப்பா போலீஸ் வேலைக்கு வருகிறவர்களின் உயரத்தை அளந்தே ஓய்வு பெற்றவர். டேப் எல்லாம் வேண்டாம், கண்ணே போதும். முன்பு வந்த ஒரு வரனை, "தம்பி, ஒரு அங்குலம் பொய்" என்று செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே திருப்பி அனுப்பியவர்.

இந்தப் பெண் கைநழுவிப் போனால் கண்ணாடிக்கடைக்காரர் உடைந்துபோவார். போனில் பேசியே மனதைப் பறிகொடுத்திருந்தார். அவருடைய மொக்கை ஜோக்குகளுக்குச் சிரிக்கும் ஒரே ஜீவன் அவள்தான்.

யோசனை சொன்னவர் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். "அவங்களை அந்தக் கண்காட்சிக்கு வரச் சொல்லு. நீ முன்னாடியே போய் வலது மூலையில நின்னுக்கோ. ஆறடிக்கு மேல தெரிவ. தலையே போனாலும் அந்த மூலையை விட்றாத!"

அப்பா துவாரத்தைத் தேடிக்கொண்டிருக்க, பெண் மட்டும் உள்ளே வந்து இடது மூலையில் நின்றாள். அங்கே கூரை அவள் உச்சந்தலையைத் தொட்டது. இவருக்கு மேலே கூரை எங்கோ இருந்தது. இதில் எப்படி உயரமாகத் தெரிவோம் என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. மாயம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அதை அடக்கினார்.

"ஒரு உண்மையச் சொல்லிடறேங்க. அக்கா சொன்ன உயரம் எனக்கு இல்ல."

"எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும்."

"உங்க அப்பாவுக்கு?"

"அவருக்கு அதைவிட நல்லாத் தெரியும்."

"அதனாலதான் இந்த மூலை" என்று திட்டத்தைச் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ அசையாதீங்க. எனக்கும் நீங்கதான் வேணும்."

கண்ணாடிக்கடைக்காரருக்கு அந்த நிமிடமே இரண்டு அங்குலம் கூடிவிட்டது போல இருந்தது.

துவாரத்தில் ஒரு கண் தெரிந்தது. மறைந்தது. வெளியே யாரிடமோ ஏதோ வாக்குவாதம். மறுபடி கண் வந்தது.

"வணக்கம் மாமா!"

"ம்... தம்பி, கொஞ்சம் வெளிய வாங்களேன்."

"இங்கேயே வசதியா இருக்கு மாமா."

"வசதியா? சரி, நடுவுலயாவது வந்து நில்லுங்க."

"கால் மரத்துப்போச்சு மாமா."

உடனே அந்த அறையின் காவலாளி நாற்காலியோடு ஓடி வந்தார். உட்கார்ந்தால் உயரம் போய்விடுமே!

"வேண்டாங்க. முதுகு பிடிச்சிருக்கு, உக்கார முடியாது."

"முதுகுமா?" துவாரத்திலிருந்து கவலையாகக் கேட்டது குரல். "அக்கா இதெல்லாம் சொல்லவே இல்லையே. வேற என்னென்ன தம்பி இருக்கு?"

"வேற ஒண்ணும் இல்ல மாமா, திடகாத்திரமா இருக்கேன்!"

அதற்குள் வெளியே வரிசை நீண்டுவிட்டது. "கல்யாணத்தை வெளிய வந்து பேசுங்கப்பா!" என்று ஓர் அம்மாள் கத்தினார். துவாரத்தில் எட்டிப் பார்த்த ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நம் உயரத்தைப் பார்த்து அசந்துபோய்விட்டார் என்று கண்ணாடிக்கடைக்காரர் நெஞ்சை இன்னும் நிமிர்த்தினார்.

காவலாளி தோளைத் தொட்டார். "சார், நேரமாச்சு. கிளம்புங்க."

நடந்து வெளியே போனால் குட்டு உடைந்துவிடும். வேறு வழியில்லை.

"மயக்கமா வருது..." என்று அப்படியே சரிந்தார்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. அங்கே வருவதில் பாதி பள்ளிக்கூடப் பிள்ளைகள், அதனால் அதுவும் பிள்ளைகள் அளவுதான். இரண்டு பேர் அவரைத் தூக்கிப் போட்டு வெளியே கொண்டு வந்தார்கள். கால்கள் முழங்காலுக்குக் கீழே அந்தரத்தில் தொங்கின. எல்லாம் முடிந்தது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அடேயப்பா!" பெண்ணின் அப்பாவின் குரல் கணீரென்று கேட்டது. "ஸ்ட்ரெச்சரே பத்தலையே! அக்கா அஞ்சடி ஒன்பதுன்னாங்க. என் கண்ணுக்குப் பத்தே தெரியுது!"

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"எனக்கு முழுச் சம்மதம் மாப்பிள்ளை! காலுக்கும் முதுகுக்கும் நல்ல டாக்டரா பாத்துக்கலாம். எந்திரிக்காதீங்க, நான் போய் ஜூஸ் வாங்கிட்டு வரேன்." மகளை இழுத்துக்கொண்டு அவர் உற்சாகமாக நடந்தார். திரும்பிப் பார்த்த பெண்ணின் முகமெல்லாம் சிரிப்பு.

ஆனந்தம் தாங்காமல் கண்ணாடிக்கடைக்காரர் படுத்தபடியே காவலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மூலைக்குக் கோயிலே கட்டலாங்க! என்னை உயரமாக் காட்டி வாழ்க்கையே குடுத்துடுச்சு."

"அந்த மூலையா?" காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வெளிய நின்னு பாக்குறவங்களுக்கு வலது பக்கம் இருக்குறதுதான் சார் உயர மூலை. நீங்க நின்னது குள்ள மூலை. உங்க மாமனார் ஓட்டையில பாத்ததுமே, 'மாப்பிள்ளை எப்ப வருவாரு, அதுவரைக்கும் அந்தக் குழந்தைய யாராவது தூக்கி வச்சுக்கக் கூடாதா'ன்னு எங்கிட்ட சண்டைக்கே வந்துட்டாரு!"