வால் முளைத்த ‘ந’

"வாசல் வரைக்கும் வந்துட்டு எங்கம்மா திரும்பிப் போறாங்க!"

மாடி ஜன்னலிலிருந்து மனைவி போட்ட கூச்சலில் காசாளரின் கையிலிருந்த தூரிகை நழுவியது. இருவரும் வாசலுக்கு ஓடுவதற்குள் வண்டி தெருமுனையில் மறைந்துவிட்டது.

கேட்டில் தொங்கிய பலகையைப் பார்த்து மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"என்ன இது? ‘தாய் ஜாக்கிரதை’யா?"

"ஐயோ, அது ‘நாய்’ம்மா!"

"இதுவா ‘ந’?"

‘எழுத்துல உங்க மனசு தெரியணும்’ என்று அழகெழுத்து வகுப்பு ஆசிரியை சொன்னதிலிருந்தே காசாளருக்குக் கை நிற்கவில்லை. நேற்று வந்த நாய்க்குட்டி அவர் செருப்புக்குள் சுருண்டு தூங்கும் அளவுதான். ஆனால் எழுத ஒரு சாக்கு வேண்டுமே! ‘ந’வின் காலை நாய்வாலாகவே சுழித்துவிட்டார்.

"நம்ம கல்யாணத்துக்கே அரை மனசாத்தான் வந்தாங்க. இன்னைக்குத்தான் முதல் தடவையா தங்க வந்தாங்க. இப்ப போனும் எடுக்கல." அவள் மறுபடியும் அம்மாவின் எண்ணை அழுத்தினாள்.

"அழாதே, ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்."

வாலை நிமிர்த்தினார். மொட்டையாக இருந்தது. குறுக்கே ஓர் எலும்பு வரைந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் நின்று படித்தார். "காய் ஜாக்கிரதையா? மருந்தடிச்சதா சார்? இப்பதான் ரெண்டு கிலோ வாங்கிட்டு வர்றேன்!"

எலும்பை அழித்துவிட்டு, எழுத்துக்கு முன்னால் ஒரு கொடியைச் சுழித்து இலை வைத்தார். அது கச்சிதமாக இரட்டைக் கொம்பாகிவிட்டது.

தபால்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடிதத்தை மதில்மேல் வீசினார். "நோயாமே! தொத்துமா சார்?"

"உங்க மனசு எனக்குத் தெரியுதுங்க. எழுத்துதான் தெரியல" என்றாள் மனைவி. கண்ணில் ஈரம், உதட்டில் சிரிப்பு.

காசாளர் பலகை முழுவதும் வெள்ளைப் பெயின்டை அடித்தார். "இனிமே வகுப்பும் வேண்டாம், வாலும் வேண்டாம். கிளம்பு, அத்தைகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வரலாம்."

அவர் சட்டையை மாட்டுவதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது. இரண்டு கையிலும் பைகளோடு இறங்கிய மாமியார் வெற்றுப் பலகையைப் பார்த்துத் திகைத்தார்.

"என்ன மாப்பிள்ளை, வாலாட்டிக்கிட்டு இருந்த அந்த ‘நாய்’ எங்கே? அதைப் படிச்சதும்தானே, வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு பிஸ்கட் வாங்க ஓடினேன்!"